ஓய்வு பெற்ற புகைபோக்கி

அந்த வியாழக்கிழமை காலை மகுடேஸ்வரன் இரண்டு பாக்கெட் வைத்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இடது பாக்கெட்டில் ஒரு பேச்சு, வலது பாக்கெட்டில் ஒரு பேச்சு.

இடது பாக்கெட்டுப் பேச்சு மாலையில் ஏற்றுமதியாளர் கூட்டத்தில் முழங்குவதற்கு. 'இருநூறு வருடம் நிலக்கரியை எரித்து மாளிகை கட்டியவன், நாம் நாலு கட்டை விறகு எரித்தால் மூக்கைப் பொத்துகிறான். முதல் பந்தியில் உட்கார்ந்து நெய் விட்டுச் சாப்பிட்டு ஏப்பம் விட்டவன், இரண்டாம் பந்திக்காரனைப் பார்த்து நெய் உடம்புக்கு ஆகாது என்கிறான்' என்று அதில் ஓரிடம் வரும். அங்கே கைதட்டல் விழும் என்று அவரே ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

வலது பாக்கெட்டுப் பேச்சு பையருக்கு. 'முன்னேறிய நாடுகள் செய்த தவறை நாங்கள் செய்ய மாட்டோம். பசுமைதான் எங்கள் மூச்சு.' இதில் கைதட்டல் குறிப்பு இல்லை. துணி வாங்க வருகிற பையர்கள் கை தட்டுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

இரண்டையும் அவர் மனதார நம்பினார். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நம்புவதில் அவருக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. பாக்கெட் மாறிப் பேச்சு மாறிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடம் பனியன் ஏற்றுமதி செய்தவர் அவ்வளவு ஏமாளி அல்ல. அன்றைக்கு அவரைக் கவிழ்க்கப் பார்த்தது வேறு.

சேவூர் ரோட்டில் அவருடைய சாயப்பட்டறை இருந்தது. அதன் பின்பக்கம் தொண்ணூறு அடி உயரத்தில் ஒரு புகைபோக்கி. அடியில் பாய்லர். வேலிக்காத்தான் கட்டைகளை எரித்து ஆவி உண்டாக்கும். ஆவி இல்லாவிட்டால் துணியில் சாயம் பிடிக்காது. சாயம் பிடிக்காவிட்டால் முந்நூறு பேருக்கும் அங்கே வேலை இல்லை, மகுடேஸ்வரனுக்கும் இல்லை.

இந்தப் புகைபோக்கியின் மேல்தான் இங்கிலாந்துக் கம்பெனி கண் வைத்தது. எதையும் எரிக்காத பட்டறைகளிடம் மட்டுமே இனித் துணி வாங்குவோம், நேரில் பார்த்துச் சொல்ல எங்கள் டங்கன் வருவார் என்று கடிதம் வந்தது. டங்கன் சரி என்றால் அடுத்த வருடமும் ஆர்டர் உண்டு. இல்லை என்றால் ஆர்டர் வேறு தேசத்துக்குக் கப்பல் ஏறிவிடும். கரண்டில் ஓடும் பாய்லர் போடலாம்தான். அந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்பீர்களா என்று மகுடேஸ்வரன் எழுதிக் கேட்டார். 'உங்கள் உற்சாகம் எங்களுக்கு ஊக்கம் தருகிறது' என்று பதில் வந்தது. அதே பதிலில், பீஸுக்கு மூன்று சதவீதம் விலை குறைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

டங்கன் கெட்டவர் அல்ல. போன வருடம் மகுடேஸ்வரன் இங்கிலாந்து போனபோது தன் சொந்த ஊருக்கே கூட்டிப்போனார். அங்கே அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் வேலை பார்த்த பழைய பஞ்சாலை இப்போது மியூசியம். புகைபோக்கியைச் சுற்றிப் பூச்செடி. தினமும் பதினொரு மணிக்கு நிஜ நிலக்கரி போட்டு நிஜ எஞ்சினை ஓட்டிக் காட்டுவார்கள். குழந்தைகள் கை தட்டின. டங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைபோக்கிப் படம் போட்ட ஒரு பீங்கான் கோப்பையை மகுடேஸ்வரனுக்கு வாங்கிக் கொடுத்தார். மகுடேஸ்வரன் அதில்தான் இன்றுவரை காபி குடிக்கிறார்.

டங்கனை வரவேற்கும் பொறுப்பு கவிப்பிரியாவுடையது. அவள் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். சட்டதிட்டங்கள் கடைப்பிடிக்கப்படுவதைப் பார்ப்பவர்களுக்குக் காட்டுவது அவள் வேலை. திருப்பூரில் இது ஒரு கலை. தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்படும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு நிரம்பும். வழியில் நிற்கும் செடிகள்கூட அன்றைக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்து நிமிர்ந்துகொள்ளும். ஒத்திகை மூன்று நாள் நடந்தது.

"பாய்லர் ஓடுதான்னு கேப்பாரு. என்ன சொல்லோணும்?"

"போன வருசமே நிறுத்தியாச்சுங்க" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். பீகாரிலிருந்து வந்த பையன்கள்தான் உச்சரிப்பில் முதலாவதாக வந்தார்கள்.

"ஏனுங்க மேடம், அப்ப ஆவி எங்கிருந்து வருதுன்னு கேட்டா?" என்று ஒருவன் கேட்டான்.

"அதெல்லாம் கேக்க மாட்டாரு. அவர் ஃபார்முல அந்தக் கேள்வி இல்ல."

புகைபோக்கியின் அடியில் ஒரு போர்டு வைக்க வேண்டும் என்று மகுடேஸ்வரனுக்கு யோசனை வந்தது. பெயிண்டர் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினான்: 'ஓய்வு பெற்றது. 1997 – 2024'. வருடம் எழுதிய போர்டைப் பார்த்ததும் யாரோ பழக்கதோஷத்தில் ஒரு சம்பங்கி மாலையையும் போட்டுவிட்டுப் போனார்கள். நாலு நாள் கழித்துக் காரியத்துக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது அது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, புதன்கிழமை சாயங்காலம் வரை. அப்போது டங்கனின் கம்பெனியிலிருந்தே ஒரு மெயில் வந்தது. நீங்கள் அனுப்பிய மாதிரித் துணியில் பச்சை மங்கலாக இருக்கிறது. இரண்டு டன்னுக்கும் திரும்பச் சாயம் ஏற்றுங்கள். கப்பல் தேதி மாறாது. மாறினால் விமானத்தில் உங்கள் செலவில் அனுப்புங்கள். அந்தப் பச்சைச் சட்டைகளின் நெஞ்சில் ஆங்கிலத்தில் அச்சடிக்க வேண்டிய வாசகம்: 'காற்று எல்லோருக்கும் சொந்தம்.'

மகுடேஸ்வரன் பாய்லர் ஓட்டும் நல்லானைக் கூப்பிட்டார். நாற்பது வயது, பேச்சுக் குறைவு. மூன்று நாள் ஒத்திகைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. நிறுத்தப்பட்ட பாய்லருக்கு ஆள் எதற்கு, வியாழக்கிழமை அவனுக்கு லீவு என்பதுதான் ஏற்பாடு.

"நல்லானு, லீவு இல்லப்பா. வெடியால நாலு மணிக்குப் பத்த வெச்சுரு. பையர் பிளேன் பதினொண்ணுக்குத்தான் எறங்குது. இங்க வர பன்னெண்டரை ஆயிரும். பன்னெண்டுக்குள்ள பச்சைய ஏத்தி முடிச்சு, நெருப்ப அணைச்சுப்போட்டு, நீ ஊட்டுக்குப் போயிரு."

"சரிங்க" என்றான் நல்லான்.

கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. டங்கன் முந்தின நாளே கோவையில் வந்து தங்கிவிட்டார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் அரைமணி நேரம் பிந்திப் போகும் ஊரில் இப்படி ஒரு மனிதன் மூன்று மணி நேரம் முந்தி வருவான் என்று யார் நினைப்பார்கள்?

ஒன்பது பத்துக்குக் கார் உள்ளே வந்து நின்றது. மகுடேஸ்வரன் ஓடிவந்து கதவைத் திறந்தபோது டங்கன் அவரைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புகைபோக்கி, நல்லான் அப்போதுதான் போட்ட ஈர விறகின் புண்ணியத்தில், கன்னங்கரேலென்று புகை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு டங்கனின் பார்வை கீழே இறங்கி, மாலை போட்ட போர்டில் நின்றது. மறுபடி மேலே போயிற்று.

மகுடேஸ்வரனின் வலது கை வலது பாக்கெட்டுக்குப் போய், அங்கே பிரயோஜனம் இல்லை என்று திரும்பி வந்தது. பசுமைதான் எங்கள் மூச்சு என்று சொல்லும் நேரம் அது அல்ல. மூச்சு தொண்ணூறு அடி உயரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. முந்நூறு பேரின் வேலை, அடுத்த வருட ஆர்டர், மாலைக் கூட்டத்தில் மேடை நாற்காலி எல்லாம் அதோடு சேர்ந்து போவது போல் இருந்தது. அப்போதுதான் அவருக்குக் காபிக் கோப்பை ஞாபகம் வந்தது.

"மியூசியம்" என்றார்.

"என்ன?" என்றார் டங்கன்.

"மியூசியம், டங்கன். உங்கள் ஊரில் இருப்பது போல. பாய்லர் ஓய்வு பெற்றுவிட்டது. தினமும் எரித்துக் காட்டுகிறோம். நீங்கள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தீர்கள்."

"எங்கள் ஊரில் பதினொரு மணிக்கு ஓட்டுவார்கள்."

"இந்தியாவில் மக்கள்தொகை அதிகம். நாங்கள் ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடுவோம்."

டங்கனின் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை தூரத்தில் தன் ஊர்ப் புகைபோக்கிக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்?" என்று பையில் கைவிட்டார்.

மகுடேஸ்வரன் கவிப்பிரியாவைப் பார்த்தார். அவள் கண் இமைக்கவில்லை. கேன்டீன் டோக்கன் கட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். 'டீ ஒன்று, வடை ஒன்று' என்று தமிழில் அச்சடித்திருந்தது. டங்கன் அதைப் பத்திரமாகப் பர்ஸுக்குள் வைத்தார். டங்கன் குனிந்திருந்த அந்த நேரத்தில் மகுடேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாத்துகிட்டயும் மாத்திச் சொல்லு கண்ணு, மியூசியம்னு" என்றார்.

செய்தி உள்ளே பரவ ஏழு நிமிடம்தான் இருந்தது. டங்கன் நடந்து வரும் வழியில் முதலில் நின்ற நான்கு பேர், "போன வருசமே நிறுத்தியாச்சுங்க" என்றார்கள். அடுத்த நான்கு பேர் "மியூசியமுங்க" என்றார்கள். கடைசியில் நின்ற பீகார்ப் பையன் எதற்கும் இருக்கட்டும் என்று, "போன வருசம் நிறுத்தின மியூசியமுங்க" என்றான். கவிப்பிரியா எல்லாவற்றையும் 'நல்வரவு' என்று மொழிபெயர்த்தாள்.

பாய்லர் அறையில் நல்லான் கட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டங்கன் நெருப்பைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றினார். "என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா இப்படித்தான் நின்றிருப்பார்" என்று கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கட்டையைத் தூக்கினார். நல்லான் முதலாளியைப் பார்த்தான். முதலாளி போடட்டும் என்று தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, உள்ளாற தள்ளி வெக்கச் சொல்லுங்க. வாயிலயே அடைச்சா காத்து போகாதுங்க" என்றான் நல்லான். கவிப்பிரியா சொன்னாள். டங்கன் பணிவோடு உள்ளே தள்ளி வைத்தார். பத்தே நிமிடத்தில் அவர் முகம் சிவந்து, சட்டை நனைந்து, நெற்றியில் கரி ஏறிவிட்டது. தன் வருகையால் புகை இன்னும் கறுப்பாகிவிட்டது என்பது உள்ளே நின்ற அவருக்குத் தெரியவில்லை.

அப்படியே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வடை சாப்பிட டங்கன் திரும்பியபோது, பாய்லரின் தலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போன தடித்த குழாய் அவர் கண்ணில் பட்டது.

"இது எங்கே போகிறது?" என்றார், நேராக நல்லானைப் பார்த்து.

கவிப்பிரியாவுக்கு வேறு வழியில்லை, கேட்டாள்.

"சாய மெசினுக்குங்க. பச்சை ஓடுதுங்களே" என்றான் நல்லான். வேறு என்ன சொல்வான், அவனுக்குத்தான் ஒத்திகையே இல்லையே.

இதை நல்வரவு என்று மொழிபெயர்க்க அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளபடியே சொன்னாள். மகுடேஸ்வரனுக்கு இடது பாக்கெட்டுப் பேச்சு தொண்டை வரை வந்தது. முதல் பந்தி, நெய், ஏப்பம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆர்டர் எப்படியும் போகப்போகிறது, கேட்டுவிட்டாவது போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"எந்தப் பச்சை?" என்றார் டங்கன்.

"உங்கள் பச்சை. மங்கல் என்று நேற்று மெயில் அனுப்பினீர்களே, அது."

டங்கன் நெற்றியைத் துடைத்தார். கரி இன்னும் கொஞ்சம் பரவியது. "அடுத்த வியாழக்கிழமைக் கப்பலைப் பிடித்துவிடுமா?"

"இது மதியம் வரை எரிந்தால் பிடிக்கும்."

டங்கன் குழாயைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து இன்னொரு கட்டையை எடுத்து, நல்லான் சொன்னபடியே உள்ளே தள்ளி வைத்தார்.

"நல்ல மியூசியம்" என்றார்.

மகுடேஸ்வரன் மூச்சு விட்டார். நாடுகளுக்கு நடுவே இத்தனை நுட்பமான ஒப்பந்தம் ஒரு பாய்லர் அறையில் கையெழுத்தானது கிடையாது என்று அவருக்குத் தோன்றிற்று. வெளியே டீயும் வடையும் காத்திருந்தன. கூடவே மருதாளும் காத்திருந்தாள்.

மருதாள் பட்டறைக்குப் பின்புறம் லைன் வீட்டில் குடியிருப்பவள். வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுக்கு வந்து, கொடியில் காயப்போட்ட மகளுடைய வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை விரித்துக் காட்டுவாள். அதில் கருப்புப் பொட்டுப் பொட்டாகச் சாம்பல் இருக்கும். மகுடேஸ்வரனும் ஒவ்வொரு முறையும், "பாத்துக்கலாமுங்க மருதாளு" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார். இன்றைக்குக் காரைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தான்.

"மருதாளு, இன்னிக்கு வேண்டாமுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

"இன்னிக்குத்தானுங்க வேணும். எப்பவும் போடறதவிட ரெண்டு மடங்கு எச்சாப் போட்டிருக்கீங்க" என்று மருதாள் சட்டையை டங்கனுக்கு நேராக விரித்தாள். ரெண்டு மடங்கைப் போட்டவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மகுடேஸ்வரன் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். வளரும் நாடு, வேலைவாய்ப்பு, இரண்டாம் பந்தி. நெய் வந்ததும் டங்கன் தலையை ஆட்டினார். இந்த முறை மெய்யாகவே ஆட்டினார். "என்ன சொல்றாருங்க மொதலாளி?" என்று மருதாள் கவிப்பிரியாவைக் கேட்டாள். கவிப்பிரியா பந்திக் கதையைத் தமிழில் சொன்னாள்.

மருதாள் சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதுஞ் சரிதானுங்க. அவிகளும் உண்டாங்க, நீங்களும் உங்கோணும். வேண்டாம்னு ஆரு சொன்னா. என்ற ஊட்டுக்காரரும் இங்கதான் டிரையர்ல நிக்கறாரு, நாங்களும் உங்கறோம். ஆனா மொதப் பந்தியோ ரெண்டாம் பந்தியோ, எச்செல எங்க ஊட்டுக்குப் பொறத்தாலதானுங்களே வந்து உழுகுது?"

கவிப்பிரியா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் நெருக்காமல் அவள் முழுசாக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

டங்கன் வடையைத் தட்டில் வைத்தார். "எங்கள் ஊரிலும் ஆலைக்குப் பின்னால் வீடுகள் இருந்தன" என்றார். "என் கொள்ளுப்பாட்டி அங்கேதான் துணி காயப்போட்டாள். ஈரமாகவே மடித்து வைப்பாளாம். மியூசியத்தில் அந்த வீடுகளைக் காட்டுவதில்லை. இடித்துக் கார் நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள்."

இதைக் கேட்டு மருதாள் கொள்ளுப்பாட்டிக்காக 'ச்சு' கொட்டினாள். பிறகு, "இதென்னமோ மூசியம்னு சொல்லிக்கறாங்களே, அவிக ஊர் மூசியத்துக்கு லீவு உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை" என்றார் டங்கன்.

மருதாள் மகுடேஸ்வரனைப் பார்த்தாள். டங்கனும் மகுடேஸ்வரனைப் பார்த்தார். நல்லான்கூடப் பாய்லர் அறை வாசலில் வந்து நின்று பார்த்தான். அரைமணி நேரத்துக்கு முன் தன் வாயாலேயே மியூசியம் என்று சொன்ன மனிதர், திங்கட்கிழமை சாயப்பட்டறையை ஓட்டுவோம் என்று எந்த வாயால் சொல்வார்?

டங்கனின் அறிக்கை ஒரு பக்கம்தான். 'பாரம்பரிய நீராவிக் கூடம். செய்முறை விளக்கம் தினமும். திங்கள் விடுமுறை. விடுமுறை கடைப்பிடிக்கப்படுவதற்குச் சான்றாக, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொடியில் காயும் ஒரு வெள்ளைச் சட்டையின் புகைப்படம் அனுப்பப்பட வேண்டும். எடுப்பவர்: திருமதி மருதாள்.' ஆர்டர் நிலைத்தது. அவர்கள் கேட்ட மூன்று சதவீத விலைக் குறைப்பும் நிலைத்தது.

அன்று மாலைக் கூட்டத்தில் மகுடேஸ்வரன் இடது பாக்கெட்டுப் பேச்சைப் பேசினார். குறித்து வைத்த இடத்தில் கைதட்டல் விழுந்தது. ஆனால் மியூசியம் கதை அதற்குள் ஊருக்குள் பரவியிருந்ததால், பேச்சு முடிந்து எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டது நெய்யைப் பற்றிக் கேட்க அல்ல. "ஏனுங்க, அந்த மியூசியம் போர்டு எந்தப் பெயிண்டர்கிட்ட எழுதினீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். திருப்பூரில் ஒருவர் புது டிசைன் போட்டு ஓடிவிட்டால் பதினைந்தே நாளில் தெருவெல்லாம் அதே டிசைன்தான். மாதம் முடிவதற்குள் சேவூர் ரோட்டில் ஐந்து மியூசியம், அவிநாசிப் பக்கம் மூன்று, பல்லடம் போகும் வழியில் இரண்டு என்று ஆகிவிட்டது. எல்லாம் மூன்று ஷிப்டு ஓடின. எல்லாவற்றுக்கும் மாலை போட்டிருந்தார்கள்.

அவரவர் பையரும் டங்கன் அறிக்கையைப் பார்த்து அதே சட்டைப் படத்தைக் கேட்டார்கள். சிலர் சாமர்த்தியமாக ஏற்றுமதிக்கு வைத்திருந்த புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இந்த விவரங்களில் தேர்ந்துவிட்ட மருதாள் ஒரு படத்தைக் கவிப்பிரியாவின் போனில் பார்த்துவிட்டு, "காலர்ல அட்டைகூட எடுக்கலீங்க" என்றாள். அந்தப் படம் இங்கிலாந்து போய், செல்லாது என்று திரும்பி வந்தது.

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அந்தப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. லைன் வீடுகளில் அன்றைக்குத்தான் துவையல் நாள். கொடி போதாமல் பட்டறை மதில் மேலேயே புடவைகள் காய்ந்தன. மகுடேஸ்வரன் அன்றைக்கு மட்டும் காலையில் எழுந்ததும் மதில் பக்கம் போய், சட்டை வெள்ளையாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பையர் வருகைக்குக்கூட அவர் அப்படிப் பதறியதில்லை.

ஒரு திங்கட்கிழமை மருதாளே கேட்டுக்கு வந்தாள். கையில் சட்டை இல்லை. வாட்ச்மேன் நாற்காலி எடுத்துப் போட்டான். மகுடேஸ்வரன் கோப்பையோடு வெளியே வந்தார்.

"வாங்க மருதாளு. படம் நல்லா வந்துச்சுங்களா?"

"நல்லா வந்துச்சுங்க. வேறொண்ணு கேக்கலாம்னு வந்தனுங்க." அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "கவிப்பிரியா போன்ல பாத்துச் சொல்லுச்சு. ஏனுங்க, ஏதோ ஒரு தேசத்துல மூசியத்துக்கு வாரம் ரெண்டு நாள் லீவுங்களாமா?"

மகுடேஸ்வரன் தன் கோப்பையில் இருந்த புகைபோக்கியைப் பார்த்தார். அதிலிருந்து புகை எதுவும் வரவில்லை.